ஆண்டிபட்டியில் நின்றுபோன பஸ்: மின் அக்குபஞ்சரும் குடல் நரம்புகளும், ஒரு நிகழ்வு ஆய்வு

செக்கானூரணிக்காரர், வயது 62. மதுரை–கம்பம் தடத்தில் 31 வருஷம் கண்டக்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து 16 வருஷம். பொங்கல் முடிந்த வாரம், காளவாசல் பக்கம் நான் வைத்திருக்கிற சின்ன கிளினிக்குக்கு மனைவியோடு வந்து உட்கார்ந்தபோது, மாத்திரை இல்லாமல் தானாக வெளிக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. "பேரு மட்டும் வேணாம் தாயி, மத்ததெல்லாம் எழுதுங்க, என்னைய மாதிரி டூட்டி பாக்குற பயலுக படிக்கட்டும்" என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் யோகாவும் இயற்கை மருத்துவமும் படித்தவள். அக்குபஞ்சர் அந்தப் படிப்பிலேயே ஒரு பாடம். மின் அக்குபஞ்சர் என்பது, ஊசியைக் குத்திவிட்டுக் கையால் திருகிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இரண்டு ஊசிகளுக்கு நடுவே சின்னச் சின்ன மின் துடிப்புகளை ஓடவிடுவது, அவ்வளவுதான். எத்தனை துடிப்பு, எவ்வளவு ஆம்பியர், எவ்வளவு நேரம் என்று எண்ணால் சொல்லலாம் என்பதால் எனக்கு அது பிடிக்கும். இவருக்கு முதல் நாலு வாரம் நான் போட்டது தப்பான இடம். புத்தகப்படி சரியான இடம்தான், ஆனால் இவருடைய உடம்புக்குத் தப்பு. அது ஏன் தப்பு என்று புரிந்ததுதான் இந்த ஆய்வில் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் அந்த நாலு வாரத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆளும் பழக்கமும்

விடியற்காலை நாலே முக்காலுக்கு ஆரப்பாளையத்தில் வண்டி எடுப்பார்களாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உசிலம்பட்டி தாண்டும்போது தினமும் வயிற்றைக் கலக்கும். நிறைந்த வண்டியில் எழுபது பேர், கையில் டிக்கெட் பை, அடக்கிக்கொள்வார். தேனியில் இறங்கினால் டீ குடிக்கத்தான் நேரம். "வர்றப்ப போக முடியல, போக நேரம் கிடைச்சா வரல" என்றார். சில வருஷத்தில் கலக்குவதே நின்றுவிட்டது. மலக்குடலின் சுவர் விரியும்போது மூளைக்குச் செய்தி போகும். அந்தச் செய்தியை வருஷக்கணக்கில் மதிக்காமல் விட்டால் சுவர் இளகி, செய்தி அனுப்புவதே மங்கிப்போகும். வழியில் ஒன்றுக்கு வரக்கூடாது என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். பஸ்ஸில் வேலை பார்க்கிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற கதை இது.

அப்புறம் சர்க்கரை. அப்புறம் கால் எரிச்சல். எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரை இரண்டு வருஷமாக ஓடியிருக்கிறது. அந்த மருந்து குடலை இயக்குகிற அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும், மலச்சிக்கல் அதன் தெரிந்த பக்க விளைவு. இதற்கிடையில் நாட்டு மருந்துக் கடை நிலவாகைச் சூரணம் ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து மூன்று ஸ்பூன் வரை போய், அதுவும் கேட்காமல் பிசகோடில் என்ற மலமிளக்கி மாத்திரை, இரண்டு தடவை எனிமா.

என்னிடம் அனுப்பியது அவருடைய குடல் நோய் டாக்டர். அனுப்பும் முன்பே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்திருந்தார். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் கட்டி, அடைப்பு எதுவும் இல்லை. தைராய்டும் கால்சியமும் சரி. மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.1. மலக்குடலில் 50 மில்லி தண்ணீர் நிரப்பிய பலூனை வைத்து வெளியே தள்ளச் சொன்னதில் ஒரு நிமிஷத்துக்குள் தள்ளிவிட்டார், ஆகவே வாசல் தசை ஒத்துழைக்கிறது. இந்த வயதில் புதிதாக மலச்சிக்கல் வந்தவர்கள், மலத்தில் ரத்தம் பார்த்தவர்கள், காரணமில்லாமல் எடை குறைந்தவர்கள் யாராக இருந்தாலும் இதெல்லாம் முடிக்காமல் ஊசிக்கு வரவே கூடாது. வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சர்க்கரை டாக்டர் மார்கழி ஆரம்பத்திலேயே அமிட்ரிப்டிலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியிருந்தார். அதில் கொஞ்சம் தேறி, அப்புறம் அதே இடத்தில் நின்றுவிட்டது. அந்த நிலையிலிருந்துதான் நான் கணக்கை ஆரம்பித்தேன்.

எக்ஸ்ரே

மார்க்கர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஒரே கேப்ஸ்யூலில் 24 சின்ன வளையங்கள் இருக்கும். விழுங்கிவிட்டு, மலமிளக்கி எதுவும் எடுக்காமல், ஐந்தாம் நாள் வயிற்றை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஐந்து வளையத்துக்கு மேல் உள்ளே தங்கியிருந்தால் குடல் மெதுவாக நகர்கிறது என்று அர்த்தம்.

அவருடைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என்னைவிட வேகமாக அவர் எண்ணினார், பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, உதட்டை மட்டும் அசைத்து, கூட்டத்தில் தலை எண்ணுகிற பழக்கம். பத்தொன்பது. வலது பக்கம் இரண்டே இரண்டு. இடது பக்கம் இறங்கு குடலில் பதினொன்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சங்கிலி அறுந்து குவிந்த மாதிரி. கீழே, மலக்குடலுக்கு முந்தின சிக்மாய்டு என்ற வளைவிலும் மலக்குடலிலும் ஆறு. குடலை விரலால் வரைந்து காட்டினேன்: வலது பக்கம் மேலே ஏறி, குறுக்கே போய், மண்ணீரலுக்குக் கீழே வளைந்து, இடது பக்கம் இறங்குகிறது என்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப கம்பத்துல இருந்து வர்ற வண்டி ஆண்டிபட்டி வரைக்கும் ஒழுங்கா வந்திருக்கு. கணவாய் ஏறி அங்கிட்டு இறங்க மாட்டேங்குது" என்றார். அந்த வாக்கியத்துக்குள் முழு நோயும் இருந்தது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

நோட்டுப் போடச் சொன்னேன். மறுநாளே ஒரு நீளநோட்டில் இன்வாய்ஸ் மாதிரி கட்டம் போட்டுக்கொண்டு வந்தார். தேதி, நேரம், தானாகவா மாத்திரையாலா, மலம் எப்படி, முக்கல் எவ்வளவு, வயிறு உப்பல் எவ்வளவு. ஊசி எதுவும் போடாமல் மூன்று வாரம் அப்படியே எழுதச் சொன்னேன். அந்த மூன்று வாரத்தில் தானாகப் போனது இரண்டு தடவை, மாத்திரை போட்டுப் போனது ஐந்து தடவை. மலம் ஆட்டுப் புழுக்கை மாதிரி. இந்த மூன்று வாரம் இல்லையென்றால் பின்னால் வருகிற எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

ஊசி குடலோடு பேசுகிற வழி

நம் ஊரில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், தசைநாரையும் சில பேர் நரம்பு என்கிறார்கள். நான் சொல்வது மின் செய்தியைக் கொண்டுபோகிற நரம்பு.

குடலுக்குச் சொந்தமாகவே ஒரு நரம்பு மண்டலம் உண்டு. குடல் சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே ஒரு வலை, உள்தோலுக்குக் கீழே இன்னொரு வலை, கோடிக்கணக்கான நரம்பு செல்கள். உடம்பிலிருந்து வெட்டி எடுத்து வைத்தாலும் குடல் துண்டு தானாகச் சுருங்கி விரியும். மேலே சுருங்கி கீழே தளர்ந்து உள்ளே இருப்பதை முன்னால் தள்ளுகிற அந்த அசைவை பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு பேர் 1899-ல் எழுதினார்கள். தாளம் போடுவது கஹால் செல்கள் என்ற தனி வகை. இரைப்பையில் நிமிஷத்துக்கு மூன்று அலை, முன்சிறுகுடலில் பன்னிரண்டுக்குப் பக்கம். சர்க்கரை நோய் நீடித்தவர்களின் குடலில் இந்தச் செல்கள் குறைந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தச் சொந்த மண்டலத்துக்கு வெளியிலிருந்து உத்தரவு வருவது மூன்று பக்கமிருந்து. மூளைத்தண்டிலிருந்து இறங்குகிற வேகஸ் நரம்பு, ஓட்டச் சொல்வது. நெஞ்சு, இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வருகிற பரிவு நரம்புகள், நிறுத்தச் சொல்பவை. மூன்றாவது, தண்டுவடத்தின் அடிக்கோடியில் சாக்ரல் இரண்டு, மூன்று, நாலு என்ற வேர்களிலிருந்து வருகிற இடுப்புக்குழி நரம்புகள், இவையும் ஓட்டச் சொல்பவைதான். இதில் கவனிக்க வேண்டியது எல்லை. வேகஸின் ஆட்சி இரைப்பை, சிறுகுடல், ஏறு குடல், குறுக்குக் குடலின் பெரும்பகுதி வரைதான். மண்ணீரல் வளைவுக்குப் பக்கத்தில் அது முடிந்துபோகும். அங்கிருந்து இறங்கு குடல், சிக்மாய்டு, மலக்குடல் எல்லாம் சாக்ரல் நரம்புகளின் பொறுப்பு.

ஊசி இதற்குள் எங்கே வருகிறது? தோலிலும் தசையிலும் இருக்கிற உணர்வு நரம்பை மின்சாரம் தட்டி எழுப்ப, செய்தி தண்டுவடத்துக்குப் போய், ஒன்று அதே மட்டத்தில் திரும்பி வரும், அல்லது மூளைத்தண்டு வரை ஏறி வேகஸ் வழியாகத் திரும்பி வரும். 1993-ல் ஜப்பானில் சாடோவும் அவர் கூட்டாளிகளும் மயக்கத்தில் இருந்த எலிகளில் ஊசியால் இதைப் பிரித்துக் காட்டினார்கள். வயிற்றில் குத்தித் தூண்டினால் இரைப்பை அசைவு குறைந்தது. பின்னங்காலில் தூண்டினால் கூடியது. பரிவு நரம்பை வெட்டியதும் வயிற்றில் குத்தியதன் விளைவு போனது, வேகஸை வெட்டியதும் காலில் குத்தியதன் விளைவு போனது. ஒரே ஊசி, ஒரே எலி, இடம் மாறினால் நேர் எதிரான பலன். இதைப் படிக்கிற அக்குபஞ்சர்காரர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் "வயித்து வலியா, வயித்துல குத்து" என்று நாம் பழகிவிட்டோம்.

2021-ல் நேச்சர் இதழில் எலிகளை வைத்து வந்த ஒரு ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் போனது. முழங்காலுக்குக் கீழே இருக்கிற ஸூசான்லி என்ற புள்ளியில் அரை மில்லி ஆம்பியர் கொடுத்தால் வேகஸ் வழியாக அட்ரினல் சுரப்பி வரை செய்தி போய் வீக்கம் தணிகிறது. தொப்புள் பக்கத்துப் புள்ளியில் அதே அளவு கொடுத்தால் அந்த வழி திறப்பதில்லை. காலின் ஆழமான சவ்வுக்குப் போகிற ஒரு வகை உணர்வு நரம்பு வயிற்றுச் சவ்வில் இல்லை என்பதுதான் காரணம். ஆக, புள்ளி என்பது அங்கே என்ன நரம்பு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

மனிதர்களிடம் பார்த்ததும் இருக்கிறது. 1971-ல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்து, வயிறு உப்பி அவதிப்பட்டபோது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உப்பல் இறங்கியதை அவர் எழுதப்போய்த்தான் அமெரிக்காவில் அக்குபஞ்சர் பேச்சே பெரிதானது. அது ஒரு ஆள் சொன்னது. ஹாங்காங்கில் 2013-ல் 165 பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு லேப்ராஸ்கோப்பி அறுவைக்குப் பிறகு பார்த்தபோது, மின் அக்குபஞ்சர் போட்டவர்கள் சராசரியாக 86 மணி நேரத்தில் வெளிக்குப் போனார்கள், போடாதவர்கள் 122 மணி நேரத்தில். அறுவை முடிந்து குடல் அசையக் காத்திருந்த யாருக்கும் ஒன்றரை நாள் எவ்வளவு பெரிய நேரம் என்று தெரியும்.

முதல் நாலு வாரம்

சரி, இவ்வளவும் தெரிந்துதான் காலில் ஆரம்பித்தேன். ஸூசான்லி, முழங்கால் சிப்பிக்குக் கீழே நாலு விரல் அகலம், முன் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அதற்குக் கீழே இன்னொரு புள்ளி. இரண்டு காலிலும். 10 ஹெர்ட்ஸ், அரை மணி நேரம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், அடுத்த இரண்டு வாரம் மூன்று நாள், மொத்தம் 16 தடவை.

மின்சாரத்தைக் கூட்டியதும் கெண்டைக்கு முன்பக்கத் தசை தாளத்தோடு துடித்தது. பாதம் லேசாக மேலே மேலே எழுந்தது. துடிப்பு நன்றாகத் தெரிகிறதே, நரம்பு பேசுகிறது என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன். "எப்படி இருக்குங்க ஐயா?" என்று கேட்டால், "நல்லாருக்கு தாயி" என்பார். நல்லாருக்கு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

நாலு வாரத்தில் தானாகப் போனது ஐந்து தடவை. மூன்று வாரத்துக்கு இரண்டு என்பதிலிருந்து பெரிய மாற்றம் இல்லை. மாத்திரையும் ஐந்து தடவை தேவைப்பட்டது. ஆனால் நோட்டின் கடைசிக் கட்டம், உப்பல், பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்திருக்கிறவர் நாலு சாப்பிடுவதாக மனைவி சொன்னார். மேல் குடல் இளகியிருக்கிறது, கீழ்க் குடல் அப்படியே இருக்கிறது. ஆண்டிபட்டி.

அன்றைக்குத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பாத உணர்வைச் சோதிக்க ஒரு நைலான் இழை உண்டு, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலில் வைத்து அழுத்தினேன். இழை வில்லாக வளைந்து நின்றது. அவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தார். பாதத்தின் நடுவில், குதிகாலில், கணுக்காலுக்கு மேலே என்று ஏற ஏற வைத்தேன். "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பாதிக் கெண்டைக்கால் வரை எதுவும் தெரியவில்லை. ஸூசான்லி இருக்கிற இடத்தில் ஊசியின் கூர்முனையும் மழுங்கிய முனையும் அவருக்கு ஒரே மாதிரி இருந்தது.

தசை துடித்தது என்னை ஏமாற்றிவிட்டது. துடிப்பு காட்டுவது வெளியே போகிற நரம்பு நன்றாக இருக்கிறது என்பதை. நமக்கு வேண்டியது உள்ளே போகிற நரம்பு. சர்க்கரை முதலில் தின்பது அந்த உணர்வு நரம்புகளைத்தான், அதுவும் நீளமானவற்றை முதலில், அதனால்தான் கால்விரலில் ஆரம்பிக்கிறது. நான் நாலு வாரம் பேசியதில் பெரும்பகுதி தண்டுவடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. மரத்த காலில் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்தும்கூட, சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

அடுத்த டெப்போ

எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இறங்கு குடலில் பதினொன்று, அதற்குக் கீழே ஆறு. இருபத்து நாலில் பதினேழு, வேகஸின் எல்லைக்கு அந்தப் பக்கம். நான் உத்தரவு கேட்ட டெப்போவே வேறு. இதை அவரிடம் அப்படியே சொன்னேன், "ஐயா, நான் இவ்வளவு நாள் தப்பான டெப்போவுக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று. அவர் கோபப்படவில்லை. "சரியான டெப்போ எங்கிட்டு இருக்கு?" என்றுதான் கேட்டார்.

இடுப்புக்குக் கீழே, பிட்டத்துக்கு நடுவே இருக்கிற முக்கோண எலும்பில் இரண்டு பக்கமும் நாலு நாலு துளை. மூன்றாவது துளை வழியாக மூன்றாவது சாக்ரல் நரம்பு போகிறது. அக்குபஞ்சரில் அதற்குப் பெயர் சோங்லியாவ், சிறுநீர்ப்பைத் தடத்தின் 33-ஆவது புள்ளி. மலக்கட்டுப்பாடு போனவர்களுக்கு அறுவை மருத்துவர்கள் மின்முனையைப் பொருத்துவதும் இதே துளையில்தான். 2017-ல் ஜாமா இதழில் வந்த சீன ஆய்வில், இருமினால் சிறுநீர் கசிகிற 504 பெண்களில் பாதிப் பேருக்கு இந்தப் புள்ளியிலும் இதற்குக் கீழே இன்னொன்றிலும் ஆறு வாரம், 18 தடவை மின் அக்குபஞ்சர் கொடுத்தார்கள், கசிவு 9.9 கிராம் குறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்கப் பாவனையாகப் போலி ஊசி போட்ட மற்றவர்களுக்கு 2.6. அது சிறுநீர், இது மலம், ஆனாலும் வாசல் ஒன்று. நரம்பு குட்டையானது என்பதும் எனக்கு நம்பிக்கை தந்தது, சர்க்கரை இங்கே வந்து சேரக் கடைசியாகத்தான் வரும்.

இந்த இடத்தை நான் ஒரு மூத்த மருத்துவரின் பக்கத்தில் ஆறு மாதம் நின்று கற்றுக்கொண்டேன். வீடியோ பார்த்து யாரும் முயற்சி செய்யக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறவர்களுக்கு மின்சாரமே கூடாது, கர்ப்பிணிகளுக்கு இந்தப் புள்ளி கூடாது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இவ்வளவு ஆழம் போகக் கூடாது. குடல் டாக்டரிடம் பேசி, அவர் சரி என்ற பிறகுதான் ஆரம்பித்தேன்.

குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் மேட்டைத் தொட்டு, அங்கிருந்து உள்ளேயும் கீழேயுமாக விரலை இறக்கினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். 75 மில்லிமீட்டர் ஊசி, சாய்வாக உள்ளே. எலும்பில் முட்டினால் துளை தவறிவிட்டது, வெளியே இழுத்துக் கோணத்தை மாற்ற வேண்டும். இடது பக்கம் இரண்டாவது தடவையில் உள்ளே போனது. ஐந்தரை சென்டிமீட்டர் போனபோது முதன்முறையாக அவர் குரல் மாறியது. "யாத்தே, உள்ள இழுக்குது தாயி. அடியில, ஆசனவாய்க்கு உள்ள." சீனர்கள் தெ சி என்று சொல்கிற அந்த உளைச்சல், இரண்டு மாதத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் உண்மையான பதில்.

மின்சாரத்தை மெதுவாகக் கூட்டினேன். ஒரு மில்லி ஆம்பியர் தாண்டியதும் காலடியில் நின்றிருந்த மனைவி, "டாக்டரம்மா, இவருக்குப் பெருவிரல் மடங்குது" என்றார். மூன்றாவது நரம்பு சரியாக அகப்பட்டால் ஆசனவாய் உள்ளே இழுக்கும், அந்தப் பக்கத்துப் பெருவிரல் கீழே மடங்கும், பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் குப்புறக் கிடந்த அந்த மனிதருக்குத் தன் விரல் மடங்குவது தெரியாது. "நெசமாவா, எந்தக் கால்ல?" என்று கேட்டார். அவர் மனைவி குனிந்து அந்த விரலைக் கையால் பிடித்துக்கொண்டு, "இந்தா, இதுதான்" என்றார். பிடித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

எண்கள்

அரை மணி நேரம், வாரம் மூன்று நாள், ஆறு வாரம், மொத்தம் 18 தடவை. காலை டிபன் முடிந்து இருபது நிமிஷத்தில், வந்தாலும் வராவிட்டாலும், கழிப்பறையில் உட்காரச் சொன்னேன், ஏனென்றால் பெருங்குடலின் பெரிய தள்ளு அலைகள் எழுந்தவுடனும் சாப்பிட்டவுடனும்தான் அதிகம் வரும். மூட்டு வலியால் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியிருந்தவர், காலுக்கு அடியில் ஒரு மணைக்கட்டை வைத்துக்கொண்டார். இந்த இரண்டையும் முதல் வாரத்திலிருந்தே, காலில் ஊசி போட்ட காலத்திலேயே சொல்லிவிட்டேன், அதனால் பின்னால் வந்த மாற்றத்துக்கு இவை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

தானாக வெளிக்குப் போனது வாரவாரியாக ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, நாலு. மாத்திரை முதல் இரண்டு வாரத்தில் மூன்று தடவை, பிறகு ஒரே தடவை. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் நோட்டில் புதிதாக ஒரு வரி இருந்தது: "காலை 6.10, கலக்கல் வந்தது." முப்பது வருஷத்துக்கு முன்னால் உசிலம்பட்டியில் அடக்கிய அந்தக் கலக்கல். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுபடி மார்க்கர் சோதனை, அதே ஐந்தாம் நாள். எட்டு. இறங்கு குடலில் ஐந்து, கீழே மூன்று. பத்தொன்பதிலிருந்து எட்டு. ஐந்துக்குள் வரவில்லை, ஆகவே கணக்குப்படி இன்னும் மெதுவான குடல்தான்.

வேறு காரணங்கள்

ஒரே ஆள், போலி ஊசி இல்லை, என்ன ஊசி போடுகிறோம் என்று எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். அமிட்ரிப்டிலின் போன பிறகு குடல் மெல்ல மெல்ல மீண்டிருக்கலாம். காலில் போட்ட நாலு வாரத்தில் உப்பல் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வாரம் மூன்று நாள் ஒருத்தி உட்கார்ந்து குடலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவே மனதை இளக்கும். 2016-ல் சீனாவில் 1,075 கடும் மலச்சிக்கல் நோயாளிகளிடம் எட்டு வாரம், 28 தடவை நடத்திய பெரிய ஆய்வில், வாரம் மூன்று அல்லது அதற்கு மேல் முழுமையாக வெளிக்குப் போனவர்கள் மின் அக்குபஞ்சரில் 31.3 சதவீதம், போலி ஊசியில் 12.1 சதவீதம். அந்தப் பன்னிரண்டு சதவீதத்தில் என் நோயாளியும் ஒருவராக இருக்கலாம். இன்னொரு பக்கம், நல்ல ஊசியிலும் மூன்றில் இரண்டு பேருக்கு அந்த அளவு பலன் வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊசி போட்டால் கட்டாயம் சரியாகும் என்று எழுதி ஒட்டுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

அந்த ஆய்வில் போட்டது தொப்புள் பக்கத்துப் புள்ளிகளும் காலும். வயிற்றில் குத்தினால் அசைவு குறையும் என்று எலியில் பார்த்தோமே என்று கேட்கலாம். நானும் பல நாள் யோசித்தேன். எலியில் பார்த்தது இரைப்பை, இது பெருங்குடல். அது மயக்கத்தில் சில நிமிஷம், இது விழித்திருக்கிற மனிதர்களுக்கு எட்டு வாரம். சீனர்கள் வயிற்றுச் சுவரின் உள்சவ்வு வரை ஆழமாகப் போனார்கள். என் கருத்து, இரண்டும் ஒன்றை ஒன்று பொய்யாக்கவில்லை, ஆழமும் உறுப்பும் மாறினால் பேசுகிற நரம்பும் மாறுகிறது. இவருக்கு வயிற்றுப் புள்ளிகளை நான் போடவில்லை. இரண்டு இடத்தையும் ஒன்றாகப் போட்டிருந்தால் எது வேலை செய்தது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது

சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் வர மாட்டேன் என்றார். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மகன் வீட்டோடு தல்லாகுளம் வந்து ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார். ஊசி இல்லாத அந்த இரண்டு வாரத்தில் மூன்று, இரண்டு. கொஞ்சம் குறைந்தது, பழைய நிலைக்கு விழவில்லை. நீர்மோரும் பானகமும் நிறையக் குடித்திருக்கிறார், நடந்திருக்கிறார், அதனால் இந்த எண்ணை வைத்து எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் நாலு வாரம் வாரம் ஒரு தடவை, இப்போது மாதம் ஒரு தடவை. வாரத்துக்கு மூன்றை ஒட்டி நிற்கிறது. தேவைப்படுகிற நாளில் குடல் டாக்டர் கொடுத்த பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கிப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார், நிலவாகை முழுக்க நின்றுவிட்டது. சர்க்கரை 7.4-க்கு இறங்கியிருக்கிறது. கால் மரத்தது மரத்ததுதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. தினமும் ராத்திரி மனைவி டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்க்கிறார், புண் எதுவும் இருக்கிறதா என்று.

என் கிளினிக்கில் மாறியது ஒன்று. சர்க்கரை இருக்கிற யார் வந்தாலும் ஊசிப் பெட்டியைத் திறக்கும் முன் நைலான் இழையை எடுக்கிறேன். "நல்லாருக்கு" என்று யாராவது சொன்னால், எங்கே, எப்படி, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்காமல் விடுவதில்லை.

போன வாரம் அவர் வந்தபோது கூட ஒரு பையன் வந்திருந்தான், முப்பது வயது இருக்கும், பெரியகுளம் தடத்தில் கண்டக்டர். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் தன்னுடைய நீளநோட்டை மடியில் விரித்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.